திபேரியஸ்: கொடுங்கோலரா, பொறுப்பை விட்டு விலகிய ஆட்சியாளரா?

1. நெடுவழியன் (இழையைத் தொடங்கியவர்)

அன்பர்களுக்கு வணக்கம். ரோமப் பேரரசர்களைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் நீரோவையும் கலிகுலாவையும் சுற்றியே நிற்கின்றன. அகஸ்டஸுக்கு அடுத்து, கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியஸ் அவற்றில் ஒரு பத்திக்கு மேல் இடம்பெறுவதில்லை. அந்தப் பத்தியிலும் காப்ரித் தீவில் ஒதுங்கியிருந்து கொலைக்கட்டளைகளை அனுப்பிய கிழவராகவே வந்துபோகிறார். சில மாதங்களாக அவருடைய ஆட்சியைப் பற்றிய பழைய வரலாறுகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். அவர்மீது வழக்கமாகச் சுமத்தப்படும் குற்றம் வேறு, அவர் உண்மையில் இழைத்த பிழை வேறு என்ற எண்ணம் படிக்கப் படிக்க எனக்கு வலுத்துவருகிறது. அதை உங்கள் முன் வைத்துச் சோதித்துப் பார்க்கவே இந்த இழை.

முதலில் அவர் அரியணைக்கு வந்த வழியைப் பார்ப்போம். கி.மு. 42இல் பிறந்த திபேரியஸ், தாய் லிவியா பின்னாளில் அகஸ்டஸ் எனப் பெயர்பெற்ற ஒக்டேவியனை மணந்தபோது மூன்று வயதுப் பிள்ளை. வளர்ந்து படைத்தலைவரானார், ஆல்ப்ஸ் மலைப்பகுதியிலும் பன்னோனியாவிலும் ஜெர்மானியாவிலும் மாற்றாந்தந்தைக்காகப் போர் புரிந்தார். ஆனால் வாரிசுப் பட்டியலில் அவர் பெயர் எப்போதும் கடைசியிலேயே இருந்தது. அகஸ்டஸின் மருமகன் அக்ரிப்பா இறந்ததும், தாம் நேசித்த மனைவி விப்சானியாவை விலக்கிவிட்டு, விதவையான அகஸ்டஸின் மகள் ஜூலியாவை மணக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டார். கி.மு. 6இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரோட்ஸ் தீவுக்குப் போனார். திரும்பி வர எட்டு ஆண்டுகள் ஆயின. அகஸ்டஸ் தத்தெடுத்திருந்த பேரர்கள் லூசியஸ் கி.பி. 2இலும் காயுஸ் கி.பி. 4இலும் இறந்த பிறகுதான், வேறு ஆளில்லாத நிலையில், திபேரியஸ் தத்துப்பிள்ளையாக ஏற்கப்பட்டார். பேரரசரானபோது அவருக்கு வயது 54.

இனி என் கேள்விக்கு வருகிறேன். கி.பி. 14 செப்டம்பர் 17ஆம் நாள் செனட் சபையில் நடந்ததை ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் விரிவாக எழுதியிருக்கிறார். இத்தனை பெரிய சுமையைத் தாங்க அகஸ்டஸின் உள்ளத்துக்கு மட்டுமே வலிமை இருந்தது என்றும், தமக்கு ஒரு பகுதியை ஒதுக்கினால் அதை ஏற்றுக்கொள்வதாகவும் திபேரியஸ் சொன்னார். உடனே அசினியஸ் காலஸ் எழுந்து, "எந்தப் பகுதியை ஒப்படைக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?" என்று கேட்டார். திபேரியஸ் சற்று நேரம் பேச்சற்றுப்போனார். காவற்படைக்கு அன்றைய அடையாளச் சொல்லை வழங்கியவரும், படைகளுக்குத் தலைவர் என்ற முறையில் கடிதம் அனுப்பியவரும் அதற்கு முன்பே அவர்தான்; அதிகாரம் முழுவதும் கையில் இருந்தது, ஆனால் அதற்கொரு பெயர் சொல்ல அவரால் முடியவில்லை. அந்த மௌனத்திலிருந்துதான் பின்னர் நேர்ந்தவை எல்லாம் முளைத்தன என்பது என் கருத்து. உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

2. காசாய்வோன்

நல்ல இழை. நான் கொங்குப் பகுதியைச் சேர்ந்தவன். பழைய நாணயங்களைப் பற்றிப் படிப்பதில் நாட்டம் உள்ளவன். ஆகவே டாசிட்டஸை அறிவதற்கு முன்பே திபேரியஸின் முகம் எனக்குத் தெரியும். தமிழகத்தில், குறிப்பாகக் கோவை வட்டாரத்தில், புதையல்களாகக் கிடைத்த ரோம வெள்ளிக் காசுகளில் பெரும்பங்கு அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய இருவருடையவை. திபேரியஸின் தினாரியஸில் ஒரு பக்கம் அவருடைய தலை; அதைச் சுற்றி, தெய்வமாகிய அகஸ்டஸின் மகன் என்ற வாசகம். மறுபக்கம் அமர்ந்திருக்கும் ஒரு பெண். அவள் லிவியாவே என்று பலர் கருதுகின்றனர். இந்த ஒரே வடிவம் அவருடைய ஆட்சிக்காலம் முழுவதும் ஏறக்குறைய மாறாமல் அச்சிடப்பட்டது. எடையும் தரமும் குலையவில்லை. கி.பி. 64இல் நீரோ வெள்ளிக் காசின் எடையையும் தரத்தையும் குறைத்த பிறகும் இந்தப் பழைய காசுகளுக்கு மதிப்பு இருந்தது என்றால், அவற்றை அச்சிட்டவரின் நிதிநிர்வாகத்தைப் பற்றி அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

அவருக்கும் நம் கடற்கரைக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. கி.பி. 22இல் ரோமச் செல்வர்களின் ஆடம்பரத்தைச் சட்டத்தால் அடக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, திபேரியஸ் செனட் சபைக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பெண்கள் அணியும் மணிக்கற்களுக்காக நம் பணம் அயல்நாட்டாரிடமும் பகைவரிடமும் போய்ச் சேர்கிறதே என்று அதில் வருந்தியிருக்கிறார். அந்த அயல்நாட்டாரில் நம் முன்னோரும் அடக்கம் என்றே நான் எண்ணுகிறேன். அப்படி வருந்தியும் அவர் தடைச்சட்டம் கொண்டுவரவில்லை. நடைமுறைப்படுத்த முடியாத சட்டத்தை இயற்றுவதைவிட இயற்றாமலிருப்பதே மேல் என்று விளக்கினார். இதைக் கொடுங்கோலரின் குரலாக என்னால் கேட்க முடியவில்லை.

கி.பி. 17இல் ஆசிய மாகாணத்தில் ஒரே இரவில் பன்னிரண்டு நகரங்கள் நிலநடுக்கத்தில் சரிந்தன. மிகுதியாகச் சேதமுற்ற சார்டிஸ் நகருக்கு ஒரு கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணய அலகு) தருவதாக அவர் வாக்களித்து, ஐந்தாண்டு வரியையும் நீக்கினார். கி.பி. 36இல் அவெந்தைன் குன்றுப் பகுதி தீக்கிரையானபோது பத்துக் கோடி செஸ்டர்ஸ் இழப்பீடு வழங்கினார். இவ்வளவும் கொடுத்த பிறகு, அவர் இறந்தபோது கருவூலத்தில் இருந்தது 270 கோடி செஸ்டர்ஸ் என்கிறார் சூட்டோனியஸ். அடுத்து வந்த கலிகுலா அதை ஓராண்டு முடிவதற்குள் தீர்த்துவிட்டார். இவற்றையெல்லாம் ஒரு தட்டில் வைத்துத்தான் நாம் எடைபோட வேண்டும்.

3. சான்றுதேடி

நண்பர் காசாய்வோன் சொன்ன தொகைகள் எனக்கும் தெரிந்தவையே, அவற்றை மறுக்கவில்லை. ஆனால் மறு தட்டில் வைக்க வேண்டியதை ஒருவரும் இன்னும் வைக்கவில்லை.

மாயெஸ்தாஸ் என்ற சட்டம் ரோம மக்களின் மாட்சிமைக்கு இழுக்கு நேராமல் காப்பதற்காகக் குடியரசுக் காலத்தில் தோன்றியது. படையைக் காட்டிக்கொடுத்தவர், கலகம் தூண்டியவர் முதலானோர் அதன்கீழ் விசாரிக்கப்பட்டனர். அகஸ்டஸ் காலத்திலேயே எழுத்துக்கும் பேச்சுக்கும் அது நீட்டப்பட்டது. திபேரியஸ் காலத்தில் அன்றாட ஆயுதமாயிற்று. குற்றஞ்சாட்டியவருக்கு, தண்டிக்கப்பட்டவரின் சொத்தில் நான்கில் ஒரு பங்கு கிடைக்கும். அரசுத் தரப்பு வழக்குரைஞர் என்ற பதவியே இல்லாத ஊரில் இப்படியொரு ஊக்கத்தொகையை வைத்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தொடக்கத்தில் அவர் இதைக் கட்டுப்படுத்தவே முயன்றார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அகஸ்டஸின் பெயரால் பொய்ச்சத்தியம் செய்ததாக ஒருவர்மீது வழக்கு வந்தபோது, தெய்வங்களுக்கு இழைக்கப்பட்ட தீங்கைத் தெய்வங்களே பார்த்துக்கொள்ளும் என்று எழுதி அதைத் தள்ளச் செய்தார். ஆனால் கி.பி. 24இல் வந்த ஒரு முன்மொழிவை அவர் எப்படி எதிர்கொண்டார் என்று பாருங்கள். குற்றஞ்சாட்டப்பட்டவர் தீர்ப்புக்கு முன்பே தற்கொலை செய்துகொண்டால் குற்றஞ்சாட்டியவருக்குப் பரிசு தரக்கூடாது என்று செனட் சபை முடிவெடுக்கவிருந்தது. திபேரியஸ் குறுக்கிட்டு, வழக்கத்துக்கு மாறாக வெளிப்படையாகவும் கடுமையாகவும், சட்டங்களின் காவலர்களை அகற்றுவதைவிடச் சட்டங்களையே ஒழித்துவிடலாம் என்று கூறி அதைத் தடுத்தார். அந்த ஒரு நாளில் அவர் வாய்மூடி இருந்திருந்தால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்திருக்கும்.

அடுத்த ஆண்டிலேயே கிரெமூசியஸ் கோர்டஸ் என்னும் வரலாற்றாசிரியர் விசாரணைக்கு நிறுத்தப்பட்டார். ஜூலியஸ் சீசரைக் கொன்றவர்களான புரூட்டஸைப் புகழ்ந்ததும், காசியஸை ரோமர்களில் கடைசி மனிதர் என்று எழுதியதும்தான் அவர் செய்த குற்றம். அவர் வீடு திரும்பி உண்ணாமல் உயிர் துறந்தார். நூல்களை எரிக்கும்படி சபை ஆணையிட்டது. எழுதிய சொல்லுக்காக ஒருவர் சாக நேர்ந்த ஆட்சியை, நிலநடுக்க நிவாரணத்தைக் காட்டி நான் மன்னிக்கமாட்டேன். கோர்டஸின் மகள் மார்சியா மறைத்துவைத்த படிகள் பின்னாளில் மீண்டும் வெளிவந்தன என்பது மட்டுமே இதில் ஆறுதல்.

4. புதுவரவு

நான் இந்தப் பொருளுக்குப் புதியவன். டாசிட்டஸ், சூட்டோனியஸ் என்ற பெயர்களையே எல்லாரும் எடுத்துரைக்கிறீர்கள். அவர்கள் திபேரியஸைப் பார்த்தவர்களா? பார்க்காதவர்கள் எழுதியதை எந்த அளவுக்கு நம்பலாம்?

5. நெடுவழியன்

மிகவும் தேவையான கேள்வி. டாசிட்டஸும் சூட்டோனியஸும் எழுதியது கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில். அதாவது திபேரியஸ் இறந்து ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழிந்த பிறகு. காசியஸ் டியோ மூன்றாம் நூற்றாண்டுக்காரர். நேரில் பார்த்து எழுதியவர்களில் நமக்குக் கிடைப்பவர், திபேரியஸின் கீழ்ப் படையதிகாரியாகப் பணியாற்றிய வெல்லெயஸ் பத்தெர்குலஸ். கி.பி. 30இல் முடிந்த அவருடைய நூல் முழுக்கப் புகழுரை; காயமடைந்த அதிகாரிகளுக்குத் தம் மருத்துவரையும் பல்லக்கையும் தந்த தளபதியாகத் திபேரியஸ் அதில் வருகிறார். அது அவர் உயிரோடு ஆண்டுகொண்டிருந்தபோது எழுதப்பட்டது என்பதை மறக்கக்கூடாது.

டாசிட்டஸ் தாமே செனட்டர். பின்வந்த பேரரசர் டொமிஷியன் ஆட்சியில் சக உறுப்பினர்கள் வழக்கிலும் சிறையிலும் அழிந்ததைப் பார்த்தவர். அந்தக் காலத்தின் வலியோடுதான் திபேரியஸின் காலத்தை நோக்குகிறார். ஆனால் அவர் செய்திகளைத் திரிப்பவர் என்று நான் சொல்லமாட்டேன். திபேரியஸின் தத்துமகன் ஜெர்மானிக்கஸ் கி.பி. 19இல் அந்தியோக்கியாவில் இறந்தது, அவருக்கு நஞ்சிட்டதாகப் பைசோ என்னும் ஆளுநர் விசாரிக்கப்பட்டது ஆகியவற்றை அவர் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த விசாரணையின் முடிவில் கி.பி. 20 டிசம்பர் 10ஆம் நாள் செனட் சபை நிறைவேற்றிய தீர்மானம், வெண்கலத் தகடுகளில் பொறிக்கப்பட்ட நிலையில் ஸ்பெயினின் தென்பகுதியில் கிடைத்து, 1996இல் பதிப்பிக்கப்பட்டது. தீர்மானத்தை ஒவ்வொரு மாகாணத்திலும் மக்கள் மிகுதியாகக் கூடும் நகரில் வெண்கலத்தில் வைக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நிகழ்ச்சிகளின் அடிப்படையில் அந்தத் தகடுகளும் டாசிட்டஸும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. கால வரிசையிலும் தொனியிலும்தான் வேறுபாடு. ஆகவே என் வழக்கம் இது: டாசிட்டஸ் சொல்லும் செயலை ஏற்றுக்கொள்வேன், அந்தச் செயலுக்குப் பின்னால் திபேரியஸின் நெஞ்சில் இருந்ததாக அவர் சொல்லும் நோக்கத்தைத் தனியே நிறுத்தி ஆராய்வேன். காப்ரித் தீவில் நடந்ததாகச் சூட்டோனியஸ் அடுக்கும் காமக்கதைகளை அந்த அளவுக்குக்கூட நம்புவதில்லை. அங்கே அவருடன் சென்றவர்கள் சட்ட அறிஞர் கொக்கெயஸ் நெர்வாவும், பெரும்பாலும் கிரேக்க இலக்கியம் கற்றவர்களுமே.

6. மலைநாடன்

மாகாணங்கள் நலமாக இருந்தன என்ற கருத்தை எல்லாரும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டது போலத் தெரிகிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை.

"நல்ல மேய்ப்பன் ஆட்டின் மயிரைக் கத்தரிப்பான், தோலை உரிக்கமாட்டான்" என்று வரியை உயர்த்தக் கோரிய ஆளுநர்களுக்குத் திபேரியஸ் எழுதியது புகழ்பெற்ற வாசகம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு இதே மேய்ப்பன் உவமையை எதிர்ப்பக்கத்திலிருந்து அவர் கேட்டிருக்கிறார். பன்னோனியாவிலும் டல்மேஷியாவிலும் கி.பி. 6 முதல் 9 வரை நடந்த பெருங்கிளர்ச்சியை ஒடுக்கியவர் அவரே. தோற்றுப் பிடிபட்ட பாடோ என்னும் தலைவனிடம், உன் மக்கள் ஏன் கிளர்ந்தெழுந்தார்கள் என்று அவர் கேட்டபோது, "உங்கள் மந்தைகளைக் காக்க நீங்கள் நாய்களையோ மேய்ப்பர்களையோ அனுப்புவதில்லை, ஓநாய்களை அனுப்புகிறீர்கள்" என்று அவன் விடையளித்ததாகக் காசியஸ் டியோ எழுதியிருக்கிறார். திபேரியஸின் வாசகம் அந்த விடையை நெஞ்சில் வைத்துக்கொண்டு பிறந்தது என்றே நான் நம்ப விரும்புகிறேன்.

ஆனால் ஓநாய்கள் ஒழிந்தனவா? கி.பி. 21இல் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டில் புளோரஸும் சாக்ரோவீரும் தலைமையேற்ற கிளர்ச்சிக்கு ஓயாத வரியும் தலைக்கு மேல் ஏறிய கடன்வட்டியுமே காரணங்கள். கி.பி. 28இல் ரைன் ஆற்றுக்கு அப்பாலிருந்த ஃபிரிசியர் எழுந்தனர். அவர்கள் வறியவர்கள் என்பதால் படைத்தேவைக்கு மாட்டுத்தோலை மட்டும் வரியாகச் செலுத்திவந்தனர். ஒலென்னியஸ் என்ற அதிகாரி காட்டெருதின் தோலை அளவாக வைத்து, அந்த அளவுக்குக் குறையாத தோலே வேண்டும் என்றான். அவர்களிடம் இருந்தவை சிறிய வீட்டு மாடுகள். முதலில் மாடுகளையே கொடுத்தார்கள், பிறகு நிலங்களை, கடைசியில் மனைவி மக்களை அடிமைகளாகக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் வரி வாங்க வந்த வீரர்களைத் தூக்கிலிட்டார்கள். இழப்பைத் திபேரியஸ் மறைத்துவிட்டார் என்கிறார் டாசிட்டஸ்.

ஆளுநர்களைப் பல ஆண்டுகள் மாற்றாமல் வைத்திருந்தது அவருடைய இன்னொரு வழக்கம். மீசியாவைப் பொப்பெயஸ் சபீனஸ் 24 ஆண்டுகள் நிர்வகித்தார். யூதேயாவில் பொந்தியு பிலாத்து ஏறத்தாழ பத்து ஆண்டுகள் இருந்தது இதனால்தான். இதற்கு அவர் சொன்ன காரணத்தை யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் பதிந்திருக்கிறார். புண்பட்டுக் கிடந்த ஒருவன்மேல் ஈக்கள் மொய்த்தனவாம். இரக்கப்பட்ட வழிப்போக்கன் அவற்றை விரட்ட வந்தபோது, வேண்டாம், இவை குடித்து நிறைந்தவை, இவற்றை விரட்டினால் பசியோடு புதிய ஈக்கள் வரும் என்று அவன் தடுத்தானாம். இந்தக் கதையைச் சொன்ன ஆட்சியாளருக்குத் தம் குடிகள் புண்பட்டுக் கிடப்பது தெரிந்திருக்கிறது. புண்ணுக்கு மருந்திடுவது தம் வேலை என்று மட்டும் தோன்றவில்லை.

7. காசாய்வோன்

மலைநாடன் அவர்களின் பதிவை இரண்டு முறை படித்தேன். ஃபிரிசியரின் கதையை நான் சரியாகக் கவனித்திருக்கவில்லை. மாகாணங்களைப் பற்றி நான் பொதுப்படையாக எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்.

கருவூலத்தைப் பற்றியும் நேர்மையாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். கி.பி. 33இல் ரோமில் ஒரு கடன் நெருக்கடி ஏற்பட்டது. கடன் கொடுப்போர் இத்தாலிய நிலத்தில் எவ்வளவு முதலீடு செய்திருக்க வேண்டும் என்ற பழைய சட்டம் வழக்கொழிந்து கிடந்தது. திடீரென்று அதை மீறியவர்கள்மீது வழக்குகள் பாய்ந்தன. செனட்டர்களில் குற்றமற்றவர் ஒருவரும் இல்லை. கணக்கைச் சரிசெய்ய 18 மாத அவகாசம் தரப்பட்டதும், எல்லாரும் ஒரே நேரத்தில் கடன்களைத் திரும்பக் கேட்டார்கள். கடன்பட்டவர்கள் நிலங்களை விற்க முன்வந்தார்கள், விலை வீழ்ந்தது, நல்ல குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. திபேரியஸ் பத்துக் கோடி செஸ்டர்ஸை வங்கிகள் வழியாக, கடன்தொகையைப் போல இரு மடங்கு நிலத்தை ஈடு காட்டுவோருக்கு, மூன்றாண்டுகளுக்கு வட்டியில்லாமல் வழங்கச் செய்தார். மெல்ல மெல்ல நம்பிக்கை திரும்பியது. இன்றைய மைய வங்கிகள் செய்வதை அன்றே செய்தார் என்று இந்த நிகழ்ச்சியைப் பாராட்டுவது வழக்கம், நானும் பாராட்டியிருக்கிறேன்.

ஆனால் நாணயத் தட்டுப்பாட்டுக்கு டாசிட்டஸ் சொல்லும் காரணங்களில் ஒன்று, தண்டிக்கப்பட்டவர்களின் சொத்துகள் விற்கப்பட்டு அந்தப் பணம் முழுவதும் கருவூலங்களில் முடங்கிக் கிடந்தது என்பதாகும். அதே ஆண்டில் ஸ்பெயினின் பெருஞ்செல்வரான செக்ஸ்டஸ் மாரியஸ், மகளோடு தகாத உறவு கொண்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, தார்ப்பேயப் பாறையிலிருந்து தள்ளிக் கொல்லப்பட்டார். அவருடைய சுரங்கங்களைத் திபேரியஸ் தமக்கென வைத்துக்கொண்டார். எனவே அந்த 270 கோடி செஸ்டர்ஸில் சிக்கனத்தால் சேர்ந்தது எவ்வளவு, சாவுகளால் சேர்ந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலவில்லை. புதுக்கோட்டைப் புதையலில் கிடைத்த ரோமப் பொற்காசுகளில் மிகப் பலவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளிவெட்டு இருக்கிறது. செல்லாக்காசு ஆக்குவதற்காக வெட்டினார்கள் என்பது பொதுவான விளக்கம். இந்த இழையைப் படித்துக்கொண்டிருந்தபோது அந்த வெட்டுகளே மீண்டும் மீண்டும் நினைவுக்கு வந்தன.

8. வெண்கோடல்

எல்லாரும் செனட் சபை, மாகாணம், கருவூலம் என்றே பேசுகிறீர்கள். திபேரியஸின் வீட்டுக்குள் நடந்ததைத் தவிர்த்துவிட்டு அவருடைய ஆட்சியைப் புரிந்துகொள்ள முடியாது என்று கருதுகிறேன். ஏனெனில் அங்கே வீடும் அரசும் வேறுவேறாக இல்லை.

விப்சானியாவை விலக்கிய பிறகு ஒருமுறை அவளைத் தற்செயலாகக் கண்ட திபேரியஸ், கண்கள் கலங்க அவளையே பார்த்தபடி பின்தொடர்ந்தார் என்றும், அதன்பின் அவள் அவர் கண்ணில் படாதவாறு பார்த்துக்கொண்டார்கள் என்றும் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். அவளை மறுமணம் செய்துகொண்டவர் யார் என்று நெடுவழியன் அவர்கள் முதற்பதிவில் சொல்லவில்லை. செனட் சபையில் "எந்தப் பகுதி?" என்று கேட்ட அதே அசினியஸ் காலஸ்தான். கி.பி. 30இல் காலஸ் காவலில் வைக்கப்பட்டு, விசாரணையே இல்லாமல் மூன்றாண்டுகள் அடைபட்டு, கி.பி. 33இல் பட்டினியால் இறந்தார்.

அந்த 33ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிக்கஸின் மனைவி அக்ரிப்பினா, நாடுகடத்தப்பட்டிருந்த பண்டத்தேரியாத் தீவில் மாண்டார். அவருடைய மகன் துரூசஸ் அரண்மனையின் நிலவறையில் உணவு மறுக்கப்பட்டு, மெத்தைக்குள் இருந்த பஞ்சைத் தின்று, ஒன்பதாம் நாள் இறந்தான். அவன் காவலில் இருந்தபோது வேதனையில் கூறிய சொற்களை எல்லாம் நாள்தோறும் குறித்துவைத்த ஏட்டைச் செனட் சபையில் படிக்கச் செய்தார் திபேரியஸ். அவன் அவருக்குப் பேரன் முறை. திபேரியஸின் காவற்படைத் தலைவன் செஜானஸ் வீழ்ந்தபோது அவனுடைய குழந்தைகளையும் சிறைக்குக் கொண்டுபோனார்கள். சின்னஞ்சிறுமியான மகள், "நான் என்ன தப்பு செய்தேன், என்னை எங்கே இழுத்துப் போகிறீர்கள், இனிமேல் செய்யமாட்டேன், பிள்ளைகளை அடிப்பதுபோல் அடித்துவிட்டு விட்டுவிடுங்கள்" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவளும் கொல்லப்பட்டாள். டாசிட்டஸ் செனட்டர் வகுப்பின் சார்பில் எழுதுகிறார் என்று எவ்வளவு கழித்துக்கொண்டாலும், இந்தக் குரலைக் கழித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

9. நெடுவழியன்

வெண்கோடல் அம்மையாருக்கு நன்றி. காலஸ், விப்சானியா தொடர்பை நான் எழுதாமல் விட்டது பிழை. அந்த மௌனத்தில் அரசியல் தயக்கத்தோடு பழைய காயமும் இருந்திருக்க வேண்டும்.

இப்போது என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். திபேரியஸ் கொடியவரா என்று கேட்டால், ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் ஆம் என்றே சான்றுதேடிக்கும் உங்களுக்கும் பதில் சொல்வேன். ஆனால் அந்தக் கொடுமைக்கு வழிதிறந்த பிழை, அதிகாரத்தைத் தம்முடையதாக வெளிப்படையாக ஏற்க மறுத்தது. நாட்டின் தந்தை என்ற பட்டத்தை மறுத்தார். தமக்குக் கோயில் எழுப்ப அனுமதி கேட்டு வந்த ஸ்பெயின் தூதர்களிடம், நான் மனிதன், மனிதர்க்குரிய கடமைகளையே செய்கிறேன் என்றார். ஒரு மாதத்துக்குத் தம் பெயரைச் சூட்ட விரும்பியவர்களிடம், சீசர்கள் பதின்மூன்று பேரானால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். தனித்தனியாகப் பார்த்தால் இவை எல்லாம் உயர்ந்த பண்புகள். ஆனால் லெஜியன் எனப்படும் 25 பெரும் படையணிகளும் காவற்படையும் அவர் சொல்லுக்கு மட்டுமே கட்டுப்பட்டிருக்கும்போது, நானும் உங்களில் ஒருவன் என்று அவர் சொன்னதைச் செனட்டர்கள் எப்படி எடுத்துக்கொள்ள முடியும்? அவர் மனத்தில் இருப்பதை ஊகிக்கத் தொடங்கினார்கள். தவறாக ஊகித்தால் உயிர் போகும் என்பதால், மிகக் கடுமையான தண்டனையையே எப்போதும் முன்மொழிந்தார்கள்.

கி.பி. 21இல் நடந்த ஒன்று இதற்குப் போதிய சான்று. குளூடோரியஸ் பிரிஸ்கஸ் என்ற புலவர், திபேரியஸின் மகன் துரூசஸ் நோயுற்றிருந்தபோதே, அவன் இறந்தால் படிக்கலாம் என்று ஓர் இரங்கற்பாவை எழுதிவைத்து, பெண்கள் கூடியிருந்த இடத்தில் படித்துக்காட்டினார். சபை அவருக்கு மரண தண்டனை விதித்து உடனே நிறைவேற்றியது. அப்போது திபேரியஸ் ரோமில் இல்லை. செய்தி அறிந்து, வெறும் சொல்லுக்கு இத்தனை விரைவான தண்டனை வேண்டாம் என்று எழுதினார். அதே கடிதத்தில் சபையின் விசுவாசத்தையும் பாராட்டினார். கொல்லச் சொன்னவரையும் கண்டிக்கவில்லை, காப்பாற்ற முயன்ற லெபிடஸையும் புகழ்ந்தார். இனி எந்தத் தீர்மானமும் பத்து நாள்கள் கழித்தே பதிவேறும் என்று விதி வந்தது. ஆனால் அந்தப் பத்து நாள்களில் மறுபரிசீலனை செய்யும் உரிமை சபைக்கு இல்லை, திபேரியஸும் மனம் இளகுபவராக இல்லை என்று டாசிட்டஸ் முடிக்கிறார்.

இந்த நிலையில்தான் கி.பி. 26இல் அவர் ரோமை விட்டுப் போனார். அடுத்த ஆண்டு காப்ரியில் தங்கினார். இறக்கும்வரை நகருக்குள் திரும்பவில்லை. பேரரசருக்கும் சபைக்கும் இடையே ஏற்கெனவே இருந்த ஊகத்தின் இடைவெளியில் ஒரு கடல் வந்து சேர்ந்தது. அதில் படகு விட்டவன் செஜானஸ். கி.பி. 23 அளவில், நகரெங்கும் சிதறியிருந்த காவற்படைப் பிரிவுகளை ரோமின் எல்லையில் ஒரே பாசறையில் திரட்ட அவனுக்கு இசைவு தந்தவர் திபேரியஸே. கடைசியில் அவனையே அஞ்சவேண்டியதாயிற்று. கி.பி. 31 அக்டோபர் 18 அன்று, பாலடைன் குன்றில் அப்பல்லோ கோயிலில் கூடிய செனட் சபையில் திபேரியஸின் நீண்ட கடிதம் படிக்கப்பட்டது. முதலில் வேறு செய்திகள், நடுவே லேசான குறை, கடைசியில் கைது. கடிதம் தொடங்கியபோது செஜானஸை வாழ்த்தியவர்கள் அது முடிவதற்குள் அவன் பக்கத்து இருக்கைகளை விட்டு எழுந்து போனார்கள். அன்றைக்கே அவன் கொல்லப்பட்டான்.

என்னைப் பெரிதும் உலுக்கியது ரோமில் நடந்ததைவிடத் தீவில் நடந்ததுதான். அன்று திபேரியஸ் காப்ரியின் உயரமான பாறைமீது நின்று, தொலைவிலிருந்து வரவேண்டிய தீச்சைகைகளை எதிர்நோக்கிக்கொண்டிருந்தார். திட்டம் தோற்றால் ஏதேனும் ஒரு படையிடம் தப்பிப்போகக் கப்பல்கள் ஆயத்தமாக இருந்தன. தேவைப்பட்டால் நிலவறையில் கிடக்கும் ஜெர்மானிக்கஸின் மகன் துரூசஸை விடுவித்து மக்களுக்குத் தலைமை தாங்கச் செய்யலாம் என்றும் சொல்லியனுப்பியிருந்தார். பதினேழு ஆண்டுகள் ஆண்ட பிறகு, தாம் இன்னும் பேரரசர்தானா என்பதை ஒரு தீப்பொறியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அவர் இருந்தார். தப்பிய பிறகும் ரோமுக்குத் திரும்பவில்லை. செஜானஸின் இடத்தில் மாக்ரோவை அமர்த்திவிட்டு, அதே பாறைமேல் இருந்துகொண்டார்.

10. சான்றுதேடி

நான் உங்கள் கருத்துக்கு நெருங்கி வந்திருக்கிறேன், முழுமையாக இல்லை. செனட் சபையின் அடிமைத்தனத்தை அவர் வெறுத்தார் என்பதும், அவையை விட்டு வெளியேறும்போது "அடிமைகளாவதற்கே பிறந்த மனிதர்கள்" என்று கிரேக்கத்தில் சொல்வார் என்பதும் உண்மைதான். ஆனால் ஊகிக்கும் அவையை வெறுத்த ஒருவர், குற்றஞ்சாட்டுவோரின் பரிசை ஒழிக்க அந்த அவையே முன்வந்த நாளில் அதைத் தடுத்திருக்கக்கூடாது. அங்கே அவர் தயங்கவில்லை, மௌனமாகவும் இல்லை. தாம் விரும்பியதைத் தெளிவாகச் சொன்னார். அந்த ஒரு நிகழ்ச்சிக்கு உங்கள் விளக்கத்தில் இடமில்லை.

11. நெடுவழியன்

ஒப்புக்கொள்கிறேன். அந்த நிகழ்ச்சியை என் விளக்கத்துக்குள் அடக்க முயன்றேன், முடியவில்லை. அது அப்படியே நிற்கட்டும்.

அவருடைய முடிவைச் சொல்லி இந்தப் பதிவை நிறுத்துகிறேன். கி.பி. 37 மார்ச் 16 அன்று, மிசேனத்தில் முன்பு லுக்குல்லஸுக்கு உரியதாக இருந்த மாளிகையில், 77ஆம் வயதில் திபேரியஸ் இறந்தார். மூச்சு அடங்கியதாக எண்ணிக் கலிகுலாவை வாழ்த்திக்கொண்டிருந்தபோது கிழவர் கண்விழித்து உணவு கேட்டார் என்றும், மாக்ரோ துணிகளைப் போட்டு அமுக்கச் சொன்னான் என்றும் டாசிட்டஸ் எழுதுகிறார். இயல்பான சாவு என்போரும் உண்டு. ரோமில் மக்கள் "திபேரியஸை டைபர் ஆற்றில் எறியுங்கள்" என்று கூவிக்கொண்டு ஓடினார்கள். தம் சொந்தப் பேரன் கெமெல்லஸையும் கலிகுலாவையும் சமபங்கு வாரிசுகளாக்கி அவர் எழுதிய உயிலை மாக்ரோ செனட் சபைக்குக் கொண்டுவந்தான். சபை அது செல்லாது என்று அறிவித்தது. கெமெல்லஸ் நெடுநாள் உயிரோடு விடப்படவில்லை. நான்கு ஆண்டுகளில் காவற்படை அதிகாரிகள் கலிகுலாவை வெட்டிக் கொன்றார்கள். செனட் சபை குடியரசை மீட்பதைப் பற்றி விவாதித்துக்கொண்டிருக்க, அரண்மனையில் திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த கிளாடியஸைக் காவலர்கள் கண்டுபிடித்து, திபேரியஸ் காலத்தில் கட்டப்பட்ட அதே பாசறைக்குத் தூக்கிச்சென்று பேரரசராக்கினார்கள். அதற்காக ஒவ்வொரு காவலருக்கும் 15,000 செஸ்டர்ஸ் தருவதாகக் கிளாடியஸ் வாக்களித்தார்.